எதிர்க்கடைப் பகை

சாகாத மனிதனுக்கு ஒரு சாவு வாங்க வேண்டுமென்றால் விலை ஒரு மன்னிப்பு. ரொக்கம் செல்லாது, நகை செல்லாது, தவணையும் கிடையாது. வீடு, கடை, மாடியில் ஒற்றை அறை என்று அந்தத் தெருவில் எதையும் பேசி முடித்துக் கொடுக்கும் தரகரம்மாவுக்கு, அப்படியொரு சரக்கு இருப்பதே பூட்டுக்கடை மாடி வீட்டு அக்கா இறங்கி வந்து சொன்ன அன்றுதான் தெரிந்தது.

"என் வீட்டுக்காரருக்கு ஒரு சாவு வேணும். நீங்கதான் பேசி முடிச்சுத் தரணும்," என்றாள் அக்கா, வாடகைக்கு இடம் கேட்கிற குரலில்.

புருஷன் ஒழிந்தால் போதும் என்று வாய்விட்டுச் சொன்ன பெண்களைத் தரகரம்மா நிறையவே பார்த்திருக்கிறாள். இந்த அக்கா அந்த ரகம் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், தெருவைப் பொறுத்தவரை பூட்டுக்காரர் இவளுக்குப் புருஷனே இல்லை, மகன். எழுபதைத் தாண்டிய தாயைக் கைத்தாங்கலாக மாடி ஏற்றி இறக்குகிற நாற்பது வயதுப் பிள்ளை. 'அவரைப் பாத்துக் கத்துக்கோ' என்று தன் மகனைத் திட்டாத தாய் அந்தத் தெருவில் ஒருத்தி பாக்கியில்லை.

அக்கா கைப்பையிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மணப்பெண் இருபத்தைந்து வயது அக்கா. பக்கத்தில் நிற்கிறவர் இன்று காலை தரகரம்மாவின் அலமாரிக்குச் சாவி வெட்டிக் கொடுத்த அதே ஆள், அதே மீசை, அதே முகம்.

"மொதல்ல புருஷன் பொண்டாட்டி. அடுத்த ஊருல அக்கா தம்பின்னு சொல்லிக்கிட்டோம். இங்க அம்மா மகன். இன்னொரு தடவை வீடு மாத்தினா பாட்டி பேரன்னு சொல்லணும். எனக்கு அந்த அவமானம் வேண்டாம்மா."

தரகரம்மா சரக்கைப் பார்க்காமல் பேரம் பேசுகிறவள் இல்லை. நேரே பூட்டுக்கடைக்குப் போய், ஒரு பழைய பூட்டைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். பூட்டுக்காரர் அரம் போட ஆரம்பித்தார். அரம் நழுவிக் கட்டைவிரலில் ஏறியது. ரத்தம் எட்டிப் பார்த்தது. பிறகு, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவனைப் போல வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. விரலில் கோடுகூட இல்லை. அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். தரகரம்மா பூட்டை வாங்க மறந்து எழுந்து வந்துவிட்டாள்.

மிச்சக் கதையை அக்கா சொன்னாள். எந்தக் காலம் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. கோட்டை கட்டி வாழ்ந்த காலம். பூட்டுக்காரர் அப்போது கோட்டைக் கதவுக்குக் காவல். இப்போது எதிரே தராசுக்கடை வைத்திருக்கும் தராசுக்காரர் அன்று அவருக்குத் தளபதி, உயிர்ச் சிநேகிதன், மச்சானாகப் போகிறவரும்கூட. தளபதியின் தங்கையைத்தான் காவல்காரருக்குப் பேசியிருந்தார்கள். ஒருநாள் பெண்கள் ஆற்றுக்குப் போயிருந்த நேரத்தில் எதிரிப் படை வந்துவிட்டது. ஊர் பிழைக்க வேண்டுமே என்று தளபதி கதவைச் சாத்தச் சொன்னார். தங்கை வெளியே நின்றாள். காவல்காரருக்கு மனசு கேட்கவில்லை. அவளை உள்ளே இழுக்கத் தாழ்ப்பாளை எடுத்தார். அந்த இடைவெளி எதிரிக்குப் போதுமாக இருந்தது. ஊரும் போனது, அவளும் போனாள். அவள் வெளியே நின்றதே தனக்குத் தெரியாது என்றார் தளபதி.

சாம்பலில் மிஞ்சிய இருவரும் எதிரெதிரே நின்று, 'நீ வந்து மன்னிப்புக் கேட்கிறவரை எனக்குச் சாவு வரக்கூடாது' என்று ஆளுக்கொரு சபதம் போட்டார்கள். எந்தத் தெய்வம் அந்த நேரம் பார்த்துக் காது கொடுத்ததோ, இரண்டும் பலித்துவிட்டன. ஆக, ஒருவர் சாவு மற்றவர் நாக்கில் இருக்கிறது.

சாகாத இருவர் வாளெடுத்தால் கொஞ்ச காலம்தான் அது யுத்தம், பிறகு வெறும் உடற்பயிற்சி. வாளைக் கீழே வைத்தார்களே தவிரப் பகையை வைக்கவில்லை. பூட்டுக்காரர் எந்த ஊரில் கடை போட்டாலும் பின்னாலேயே எதிரில் ஒரு தராசு பழுதுபார்க்கும் கடை முளைக்கும். முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. பெயர்ப்பலகைத் தகராறு என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது.

தரகரம்மாவுக்கு ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது. போன கோடையில் தராசுக்கடை தீப்பிடித்தபோது முதல் ஆளாக உள்ளே பாய்ந்து அவரைத் தோளில் தூக்கி வந்தவர் பூட்டுக்காரர்தான். இப்போது அதைப் பற்றிக் கேட்டாள். சாகாதவரைக் காப்பாற்றுவதில் என்ன லாபம்?

"சாக மாட்டான், தெரியும்," என்றார் பூட்டுக்காரர். "வலிக்குமில்ல?"

அந்த ஒரு சொல்லில் தரகரம்மா அவர்களுக்கு ரசிகையாகிவிட்டாள். சொந்த அண்ணன் தம்பிகள் ஒரு சுவருக்காகப் பத்து வருஷம் வழக்காடி, ஒருவர் சாவுக்கு ஒருவர் போகாமல் இருந்ததை அவள் பார்த்தவள். இவ்வளவு நாள்பட்ட பகையை இவ்வளவு மரியாதையாக வைத்துக்கொண்ட ஆட்களை அவள் கண்டதில்லை.

ஆனால் பேரம் நகரவில்லை. பூட்டுக்காரர், தான் முதலில் கேட்க முடியாது என்றார். கேட்டால் அவன் போய்விடுவான், தான் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். தராசுக்காரர் தட்டுகளை ஊதித் துடைத்து, முள் ஆடி நிற்கும்வரை காத்திருந்து, பிறகுதான் வாயைத் திறந்தார். எந்தத் தராசானாலும் அவர் வழக்கம் அது. அதே பதிலை அவரும் சொன்னார், அதே நியாயத்தோடு. தரகரம்மா இரண்டு கடைப் படிகளையும் ஏறி ஏறி இறங்கினாள். அக்காவோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் தரகரம்மா தொழிலில் ஊறிய ஒரு பொய்யை எடுத்தாள். 'அவர் முதலில் கேட்கச் சம்மதித்துவிட்டார்' என்று இவரிடமும், 'இவர் சம்மதித்துவிட்டார்' என்று அவரிடமும் சொல்லி, ஒரு மத்தியானம் இருவரையும் அக்காவின் மாடி அறையில் உட்கார வைத்தாள்.

வீடு வாங்க வந்தவர்களிடம் அந்தப் பொய் எத்தனையோ தடவை பலித்திருக்கிறது. அவர்களுக்கு அவசரம் இருக்கும். காத்திருப்பதையே வாழ்க்கையாக வைத்திருக்கிற இருவரிடம் அதைக் கடை விரித்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அவளுக்குப் போகப் போகத்தான் உறைத்தது. மற்றவர் ஆரம்பிக்கட்டும் என்று இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூட்டுக்காரர் வெட்டி முடிக்காத சாவி ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். தேநீர் ஆறியது. சன்னல் வெயில் கட்டில் காலைத் தாண்டி நகர்ந்தது. விட்டால் அடுத்த தலைமுறை வரை அப்படியே இருந்திருப்பார்கள்.

கட்டிலில் சாய்ந்திருந்த அக்காதான் வாயைத் திறந்தாள். புருஷனிடம் இல்லை.

"அண்ணா," என்றாள்.

தராசுக்காரர் நிமிர்ந்தார். பார்வைக்கு அவள் மகன் வயதுக்காரர். ஆனால் அந்த அழைப்புக்கு அவரைவிடப் பாத்தியப்பட்ட ஆள் பூமியில் யாரும் இருக்க முடியாது. எத்தனை காலமாக யாரும் அவரை அப்படிக் கூப்பிடவில்லையோ, முகம் ஒரு கணம் வேறு யாருடையதோ போல் ஆயிற்று.

"எனக்கு இனிமே ரொம்ப நாள் இல்லண்ணா. நான் உள்ள போயிருவேன். கதவு சாத்திரும். இவரு வெளியவே நின்னுக்கிட்டிருப்பாரு. எவ்வளவு காலம் தட்டினாலும் யாரும் தொறக்க மாட்டாங்க. அதை நெனச்சாத்தான் எனக்குக் கண்ணை மூட முடியல."

தராசுக்காரர் அசையவில்லை. முள் ஆடி நிற்பதற்காகக் காத்திருக்கிறார் என்று தரகரம்மாவுக்குப் புரிந்தது. நின்றது.

"டேய்," என்றார். கோட்டை இடிந்த நாளிலிருந்து பூட்டுக்காரரை அவர் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. "ஊருக்காகச் சாத்துனேன். அதுல எனக்கு இன்னிக்கும் வருத்தமில்ல. ஆனா அவ வெளிய நிக்கிறது தெரியாம சாத்துனேன்னு உங்கிட்ட சொன்னேன் பாரு, அது பொய். பாத்தேன். அவளும் என்னைப் பாத்தா. என்னை மன்னிச்சிருடா."

பூட்டுக்காரர் "ஸ்ஸ்" என்றார். சாவியின் முனை விரலைக் கிழித்திருந்தது. ரத்தம் வந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை. சொட்டாக வேட்டியில் விழுந்தது. "இன்னும் வலிக்குதுடி," என்று பெண்டாட்டியிடம் சொன்னார், பரிசு விழுந்தவன் சிரிப்போடு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அக்கா அவருக்குக் கட்டுப் போட்டது அன்றுதான். முந்தானையைக் கிழித்துத் தேவைக்கு மூன்று மடங்கு சுற்றினாள்.

கட்டு முடிந்ததும் பூட்டுக்காரர் எதிராளியைப் பார்த்துத் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது, உதடு பிரிந்தது. என்ன வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. தராசுக்காரர் எட்டிக் கையால் அவர் வாயைப் பொத்திவிட்டார்.

"சொல்லாத. நீ கேட்டா நானும் போயிருவேன். என் தங்கச்சி சிரிப்பு எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க நம்ம ரெண்டு பேருதான். ஒருத்தனாவது இருக்கணும்டா." கட்டில் பக்கம் திரும்பி, "இனிமே இந்தத் தங்கச்சி சிரிப்பும் அந்தக் கணக்குல சேந்துருச்சு," என்றார்.

தரகரம்மா அதுவரை எந்தப் பேரத்திலும் அழுததில்லை. அன்று சன்னலில் தூசி என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

வராமல் நின்றிருந்த வயதெல்லாம் பூட்டுக்காரருக்கு மொத்தமாக வந்து சேர்ந்தது. மழைக்காலத்துக்குள் தலை வெளுத்தது, முதுகு வளைந்தது, சாவித் துளை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அம்மா கவலையிலேயே பிள்ளை உருகிவிட்டான் என்று தெரு உச்சுக்கொட்டியது. மூட்டு வலிக்கிறது என்று எதிர்க்கடைக்குப் போய்ப் பெருமையடித்துவிட்டு வருவார். தராசுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். பேச்சு லேசாகக் கனத்தால் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார்.

மாடிப்படி ஆகாது என்று தரகரம்மா அவர்களுக்குப் பக்கத்து ஊரில் ஒரு தரைவீடு பார்த்துக் கொடுத்தாள். வீட்டுக்காரன் வழக்கம்போல, யார் யார் குடிவருவது என்று கேட்டான்.

"புருஷன் பொண்டாட்டி," என்றாள் அக்கா. வெட்கப்பட்டதுபோல்கூட இருந்தது.

அன்று திரும்பி வரும் வழியில் தரகரம்மா மனசுக்குள் கணக்கை முடித்துப் பார்த்தாள். அக்கா கேட்டது ஒரு சாவு, கைக்கு வந்தது கூடவே கிழமாகிற ஒரு புருஷன். பூட்டுக்காரர் வரவு ஒரு மன்னிப்பு. தராசுக்காரர் செலவு அதே ஒரு மன்னிப்பு, வரவு ஒரு தங்கை. தரகு, பக்கத்தில் நின்று பார்த்தது. நிலுவை, பூட்டுக்காரர் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று. கொடுக்கிறவர் தயார், வாங்க வேண்டியவர் வாங்க மாட்டேன் என்கிறார்.