குறட்டையைத் திரும்பப் பெறுதல்

ஆடி மாதம் என் குறட்டையை ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம். பாளையங்கோட்டையில் குறட்டை எடுப்பவர்கள் பலர் இருந்தாலும், இவர்கள்தான் வீட்டுக்கே வந்து எடுப்பவர்கள்.

எனக்குச் சுங்கச்சாவடியில் இரவு வேலை. என் மனைவி ஹேமாவதிக்குப் பால் பாக்கெட் போடும் இடத்தில் இரவு வேலை. இருவரும் பகலில்தான் தூங்குவோம். என் சத்தத்தில் கண் மூட முடியவில்லை என்று அவள் சொன்னதால் ஒப்பந்தம் போட்டோம். ஒருவர் வந்து, நான் தூங்கும்போது குறட்டையை எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றில் பிடித்து, மூடி, எடுத்துக்கொண்டு போனார். வலிக்கவில்லை.

அதன் பிறகு ஹேமாவதி அறவே தூங்கவில்லை.

"மூச்சு இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்கு. நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்குல விரல வச்சுப் பாக்கேன்" என்றாள். ஒரு நாள் வேலையில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர் இழுக்காவிட்டால் கை இயந்திரத்துக்குள் போயிருக்கும்.

வாடிக்கையாளருக்குத் திருப்தி இல்லையென்றால் எடுத்த பொருள் முழுமையாகத் திருப்பித் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதைக் காட்டிக் கேட்கப் போனோம். பொறுப்பாளர் ஆல்பர்ட் தன்மையாகப் பேசினார்.

"அது இப்ப வேற ஒருத்தங்ககிட்ட இருக்கு சார். பணமா வாங்கிக்கிடுங்களேன்."

"பணம் குறட்டை விடுமா தம்பி?" என்று ஹேமாவதி கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்த்து, விடாது என்று ஒப்புக்கொண்டார். பிறகு எங்களைத் தன் வேனிலேயே அழைத்துப் போனார்.

குறட்டை எஸ்தர் சிஸ்டர் வீட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் இரவுப் பணி பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் அவர். தலையணைக்குப் பக்கத்தில், ஸ்டூலின் மேல், தூக்கு திறந்திருந்தது. என் குறட்டையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நினைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது.

ஆல்பர்ட் அந்தப் பிரிவை வாசித்துக் காட்டினார். சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார்.

"அப்படின்னா உங்களுதுதான். எடுத்துட்டுப் போங்க" என்று மூடியைத் தேடி என்னிடம் நீட்டினார். "எங்க வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்த பெறகு ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. இது வந்துதான்..." தூக்கை என் பக்கம் நகர்த்தினார். "மூடிய இறுக்கிப் போடாதீங்க. மூச்சு முட்டிரும்" என்றார்.

சிஸ்டரின் கட்டில் ஓரத்தில் சாய்ந்து ஹேமாவதி தூங்கிவிட்டிருந்தாள். மூன்று பேரும் காத்திருந்தோம். விழித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிஸ்டரைப் பார்த்தாள்.

"ரெண்டு சேலையும் தலகாணியும் எடுத்துக்கிடுங்க சிஸ்டர். எங்க வீட்டுல எடம் இருக்கு."

ஆல்பர்ட் ஒப்பந்தத்தை முழுவதும் புரட்டினார். திருப்பித் தரப்படும் பொருளோடு ஆள் வரக் கூடாது என்று எங்கும் இல்லை. வேனில் எல்லோருக்கும் இடம் இருந்தது. வீட்டில் என்னைப் படுக்க வைத்து, தூக்கை மூக்கருகே சாய்த்து, குறட்டையை என்னுள் இறக்கிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

சிஸ்டர் கூடத்தில் படுத்தார், ஹேமாவதி உள்ளறையில். இருவருக்கும் கேட்க வேண்டும் என்பதால் நான் அறை நிலைப்படியில் தலை வைத்துப் படுத்தேன். கழுத்து கொஞ்சம் வலித்தது. மற்றபடி நன்றாகத் தூங்கினோம்.

கார்த்திகையில் ஒரு நாள் முற்பகல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். வெள்ளைச் சட்டையும் கையில் துணிப்பையுமாக ஒருவர் நின்றார். சிஸ்டரின் வீட்டுக்காரர் தேவசகாயம் என்று சொன்னார். கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே தன் வீட்டுக்குப் போனாராம். பூட்டியிருந்ததால் பக்கத்து வீட்டில் விலாசம் வாங்கி வந்தாராம்.

"அவ தூங்குதாளா?"

"தூங்குதாங்க சார்."

"எழுப்ப வேண்டாம்" என்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

ஹேமாவதி எழுந்து வந்து சிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்தாள். அவர் சத்தமில்லாமல் படுத்து, ஃபேனைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார். காற்று பழக்கம் விட்டுப்போயிற்று என்றார்.

குறைத்தேன்.