வெட்டாமல் விட்ட காட்சி

விக்கிரமசிங்கபுரம் பேருந்து நிறுத்தத்தில் காலி பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள் மாரிக்கண்ணு. ஐம்பதைத் தாண்டியவள். தினமும் வேலைக்கு முன் ஒரு டீயும் வடையும் சாப்பிடுவாள். அன்று அதுவும் இல்லை. முந்தின நாள் வந்த வாத்தியார், "நாளைக்கு ஒன்னும் திங்காம இரும்மா. படம் எடுக்குதோம். கோழி பிரியாணி உண்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வாத்தியார் பெயர் பெருமாள்ராஜ். திருநெல்வேலியில் நடக்கவிருந்த மாணவர் குறும்பட விழாவில் தன் பள்ளிதான் ஜெயிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். படத்துக்கு 'அன்பின் பொட்டலம்' என்று பெயர் வைத்தவரும் அவரே. பசித்தவளுக்குத் தன் சோற்றுப் பொட்டலத்தைக் கொடுக்கும் மாணவனின் கதை. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் பதினொன்றாம் வகுப்பு ஹம்னா என்று விண்ணப்பத்தில் இருந்தது. களத்தில் அதட்டியதென்னவோ சார்தான்.

கேமரா ஓடியது. மாணவனாக நடித்த ஹெப்ரான் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். வாழையிலையில் இருந்து ஆவி பறந்தது. மாரிக்கண்ணு கையை நீட்டி ஒரு வாய் அள்ளினாள்.

"கட்! ஏலே, பொட்டலத்தப் பிடுங்குலே! அவ தின்னுட்டா அடுத்த ஷாட்டுக்கு எதக் காட்டுவ?"

ஹெப்ரான் தயங்கினான். சாரே வந்து இலையை இழுத்துக்கொண்டார். அள்ளிய சோறு தரையில் சிந்தியது. மறுபடி எடுத்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி. பேருந்து குறுக்கே வந்துவிட்டது என்று மறுபடி. ஒவ்வொரு முறையும் பொட்டலம் மாரிக்கண்ணுவின் மூக்கருகே வந்து திரும்பிப் போனது.

மதியம் எல்லாரும் எதிர்க்கடைக்குப் புரோட்டா சாப்பிடக் கிளம்பினார்கள். "சார், பெரியம்மாவுக்கு?" என்று கேட்டாள் ஹம்னா.

"வயிறு நெறஞ்சிட்டுன்னா மொகத்துல பசி வருமாட்டி? முடிச்சிட்டு மொத்தமா திங்கட்டும்."

ஹம்னாவும் அவர்களோடு போய்ச் சாப்பிட்டாள்.

புரட்டாசி வெயிலில் பிரித்தபடியே கிடந்த பிரியாணி, மாலையில்தான் மாரிக்கண்ணுவின் கைக்கு வந்தது. முகர்ந்து பார்த்தாள். "ஒரு மாதிரி வீசுதே சார்."

"மசாலா வாசன. தின்னு."

பசி அவளை யோசிக்க விடவில்லை. தின்றாள்.

அன்று இரவு வீட்டில் கணினி முன் உட்கார்ந்து படத்தைத் தொகுக்கும்போதுதான் ஹம்னா எல்லாவற்றையும் முழுதாகப் பார்த்தாள். நிறுத்த மறந்த கேமரா 'கட்' சொன்ன பிறகும் ஓடியிருந்தது. இலையை இழுக்கும் சாரின் கை. பக்கத்தில் நின்றவர்களின் சிரிப்பு. அவர்கள் சாப்பிடப் போனபின், எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டு எச்சில் விழுங்கும் மாரிக்கண்ணு. எல்லாவற்றுக்கும் மேலே ஹம்னாவின் சொந்தக் குரல்: "பெரியம்மா, கை இன்னுங் கொஞ்சம் நடுங்கட்டும்."

ஹம்னா எழுந்துபோய் முகத்தைக் கழுவினாள். குரல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் உம்மா கட்டிக்கொடுத்த சோற்றோடு பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். மாரிக்கண்ணு அங்கே இல்லை. டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அவளை அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று. கையில் குளுக்கோஸ் ஊசியோடு கிடந்தவளின் அருகே ஹம்னா தலைகுனிந்து நின்றாள்.

"பெரியம்மா, நேத்து நாங்க செஞ்சது அப்படியே படத்துல விழுந்துருக்கு. நீங்க சொன்னா எல்லாத்தையும் அழிச்சிருதேன். சரின்னா விழாவுல போட்டுக் காட்டுதேன்."

மாரிக்கண்ணு அவளையே பார்த்தாள். "அந்த வாத்தியான் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது. என் சத்தமும் கேக்குது."

"அப்போ போட்டுக் காட்டுட்டி. எதுக்கு அழிக்க? எங்கிட்ட இருந்து சோத்தப் பிடுங்குனத எல்லாரும் பாக்கட்டும்."

படத்தை மாணவரே பதிவேற்ற வேண்டும் என்பது விழாவின் விதி. சாரிடம் ஒரு படத்தைக் காட்டிய ஹம்னா, விழாவுக்கு வேறொன்றை அனுப்பினாள்.

விழா நடந்த பாளையங்கோட்டை அரங்கில் திரையில் மாரிக்கண்ணுவின் முகம் வந்ததும் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அவள் சோற்றை அள்ளினாள். "கட்!" என்றது ஒரு குரல். படம் நிற்கவில்லை. பிடுங்கும் கை, சிரிப்பு, சிந்திய சோறு, மறுபடி பிடுங்கும் கை. கடைசியாக ஹம்னாவின் குரல். பெருமாள்ராஜ் முன்வரிசையிலிருந்து எழுந்து, "நிறுத்துங்க! தப்பான படம் ஓடுது!" என்று கத்தினார். அதற்குள் முடிந்துவிட்டது.

நடுவர் ஒருவர் பூரித்துப்போய் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பிரமாதமான உத்தி! படத்துக்குள்ளேயே படம்! அந்த அம்மா என்னமா நடிச்சிருக்காங்க! இயக்குநருக்குச் சிறப்புப் பரிசு!"

பெருமாள்ராஜ் முகம் சட்டென்று மாறியது. "எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ள" என்று பக்கத்திலிருந்தவரிடம் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே ஹம்னா மேடையேறினாள். பரிசை வாங்கக் கை நீட்டவில்லை.

"உத்தி இல்ல சார், நாங்க செஞ்ச அசிங்கம். அவங்க நடிக்கல, நெசமாவே பசியோட இருந்தாங்க. பசிச்சவங்களுக்குச் சோறு போடுங்கன்னு ஊருக்குப் புத்தி சொல்லப்போய், பசிச்ச ஒருத்தர பகல் முழுக்கப் பட்டினி போட்டோம். ஊசிப்போனதத் தின்ன வச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்புனோம். அடுத்தவங்க கஷ்டத்தக் காட்டிப் பேர் வாங்க நெனைக்கிறவங்க, மொதல்ல அவங்கள மனுசரா நடத்தணும். அதச் செய்யாம எடுக்கிற படம் எவ்வளவு நல்லாருந்தாலும் அது திருட்டுத்தான்."

கடைசி வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டத் தொடங்கினார்கள்.

"தயவுசெஞ்சு இதுக்கும் கைதட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு ஹம்னா இறங்கிப் போனாள்.