பாறைப் பக்கம் பயமில்லை

என் அக்கா வீடு பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை விஷயத்தில்கூட அவள் இவ்வளவு விசாரிக்கவில்லை. கட்டட வேலையில் சாந்துச் சட்டியைக் கை மாற்றும்போது மாமா ஒரு தடவை சிரித்தார், அதோடு முடிந்தது கதை. மாமா டைல்ஸ் போடுகிறவர். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா அவருக்கே கையாளாகிவிட்டாள். சிமெண்ட் குழைத்துக் கொடுப்பாள், இடுக்கு அடைப்பாள், துடைத்து மெழுகி வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பாள். டைல்ஸ் கல்லை வெட்டுவது மட்டும் மாமா. தண்ணீர் ஊற்றி வெட்டினால் தூள் பறக்காது. ஆனால் வேலை இழுக்கும், மேஸ்திரி கத்துவார். மனுஷன் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷமும் வறண்ட கல்லாகவே வெட்டித் தள்ளினார்.

நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "உள்ள போன கல்லுத்தூள் இனிமே வெளிய வராதும்மா. மிச்சம் இருக்கிற நுரையீரலைக் காப்பாத்திக்கணும். புழுதி இல்லாத இடமாப் பாத்துப் போயிடுங்க. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அப்போது அவர்கள் குடியிருந்தது மெயின் ரோட்டு மேலேயே. ஜன்னலைத் திறந்தால் பஸ் புகை, மூடினால் புழுக்கம். மாமாவால் படுத்துத் தூங்க முடியாது. சுவரில் தலையணையை வைத்து, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். அக்கா எதிரில் உட்கார்ந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊருக்கு வெளியே ஒரு வீட்டை வாங்கியே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

வீடுகளும் கிடைத்தன. எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இவர்கள் இரண்டு பேரும் கட்டட வேலையிலேயே ஊறியவர்களில்லையா, காலி மனையைப் பார்த்தாலே அதில் நாளைக்கு எழும்பப்போகிற கட்டடம்தான் கண்ணில் தெரியும். "இங்க அபார்ட்மெண்ட் வரும்," "இங்க குடோன் வரும், லாரி திரும்புறதுக்குத் தோதா இருக்கு" என்று ஒவ்வொரு இடமாகத் தள்ளிவிட்டார்கள். புரோக்கருக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

"ஏங்க்கா, நீங்க வீடு வாங்குறீங்களா, இல்ல போலீஸ்ல சேரப் போறீங்களா?" என்று ஒருநாள் நொந்துபோய்க் கேட்டார்.

"உங்க நெஞ்சுல கல்லுத்தூள் இருந்தா நீங்களும் கேப்பீங்க," என்றாள் அக்கா.

கடைசியாகத்தான் அந்த வீடு வந்தது. ஒரு ஹால், இரண்டு அறை, முற்றத்தில் இரண்டு மரம். எதிரே கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளி. வீட்டுக்குப் பின்னால் பெரிய பாறைக் குன்று. அக்கா அந்த வெட்டவெளியை நம்பவில்லை. டீக்கடை, தபால்காரர், மாடு மேய்க்கிறவர் என்று ஒருவரையும் விடாமல் துருவித் துருவிக் கேட்டாள். கட்டட அனுமதி தருகிற ஆபீசுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"அங்க ரோடு வருமா சார்?"

"வராது."

"பிளாட் போடுவாங்களா?"

"மாட்டாங்க."

"ஃபேக்டரி? குடோன்? கோழிப் பண்ணை?"

"அம்மா, அங்க கோழிகூட வராது. எதுவும் கட்டக் கூடாத இடம் அது. போதுமா?"

அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

மறுபடி அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது நான் சும்மா இருக்கமாட்டாமல், "பின்னாடி?" என்று மாமாவிடம் கேட்டேன். மாமா என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார். "வா வாயாடி, காட்டுறேன்," என்று பையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு மெதுவாகப் பின்பக்கம் நடந்தார். பாறையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். கணீர் என்றது. இன்னொரு இடத்தில் தட்டினார். அவர் கண்ணெல்லாம் பிரகாசம்.

"பாத்தியா, ஒரு விரிசல் கிடையாது! இப்படி ஒரு கல்லை நான் தொட்டதே இல்ல. இது மேல எவன் வந்து வீடு கட்ட முடியும்? பாறைப் பக்கம் பயமே இல்ல. நமக்கு இது மதில் சுவர்."

அக்காவும் தலையாட்டினாள். அந்தக் குன்றுக்காகவே வாங்கினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

அங்கே குடிபோன பிறகு நடந்ததை நான் மறைக்க மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. மாமா படுத்துத் தூங்கினார்! மல்லாக்கப் படுத்து, வாயைப் பிளந்துகொண்டு. அக்கா எனக்குப் போன் போட்டு, "குறட்டை விடுறார்டி, கேளு," என்று போனை அவர் மூக்குக்கிட்டே கொண்டுபோய் வைத்தாள். காலையில் முற்றத்தைச் சுற்றி நடந்தார். என்னிடம் வம்பு பேசினார், என்னைவிட அதிகமாக. அக்காவின் உடம்பில்கூடக் கொஞ்சம் சதை பிடித்தது.

குன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வர ஆரம்பித்தபோது போர் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தோம். பிறகு ஒரு மத்தியானம் வெடி வைத்தார்கள். வீட்டுக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அதற்கப்புறம் கிரஷர் வந்தது. கல்லை ஜல்லியாக உடைக்கிற மிஷின் அது, விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை ஓடும். குன்றின் தலைக்கு மேலே வெள்ளையாகப் புழுதி எழும்பி, இந்தப் பக்கம் இறங்கி, மர இலைகளிலும் துணிக்கொடியிலும் தண்ணீர்க் குடத்திலும் படிந்தது.

அக்கா அந்த ஆபீசுக்குப் போய் நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டாள். அதே ஆள், அதே நாற்காலி.

"நீங்க என்னம்மா கேட்டீங்க? வீடு வருமா, ரோடு வருமா, கோழி வருமான்னு கேட்டீங்க. வராதுன்னு சொன்னேன். இப்பவும் வரல. கல்லு எடுக்கிறது வேற டிபார்ட்மெண்ட். அத நீங்க அங்கதான் கேட்டிருக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையையே கவிழ்த்திருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கட்டப்போகிறதை மட்டும்தான் நாங்கள் கேட்டோம். எடுக்கப்போகிறது எங்கள் யாருடைய புத்திக்கும் எட்டவில்லை. வாழ்நாளெல்லாம் ஜல்லியை மிதித்து வேலை செய்தவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

மாமா யாரையும் திட்டவில்லை. மூடிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல கல்லுன்னு தட்டிப் பாத்துச் சொன்னேனே வாயாடி," என்றார். "எனக்குத் தெரிஞ்சது இன்னொருத்தனுக்குத் தெரியாமப் போகுமான்னு யோசிச்சேனா நான்?"

குவாரிக்கும் போனோம். மேனேஜர் மரியாதையான ஆள், உட்காரச் சொன்னார், தண்ணீர் தெளிக்கச் சொல்கிறேன் என்றார். கொஞ்ச நாள் தெளித்தார்கள். அப்புறம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அக்கா ஈரத் துணியை ஜன்னல்களில் கட்டினாள். மாமா மறுபடியும் சுவரில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார். பிறகு அதுவும் இல்லை. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாய்ந்தது. "இந்த மழைக்காலத்துக்குள்ள அங்கிருந்து கிளம்புங்க. இல்லேன்னா ஆள் உங்களுக்கு இல்ல," என்று டாக்டர் அக்காவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கிளம்ப வேண்டும் என்றால் வீட்டை விற்க வேண்டும். இருந்ததையெல்லாம் அதில்தான் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரஷர் ஓடாது. லாரிகள் குன்றுக்கு அந்தப் பக்க வழியாகப் போகிறவை, இங்கிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வீடு பார்க்க வருகிறவர்களை அக்கா ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரச் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் நானும் அவளும் குழாயை வைத்து மரத்து இலைகளைக் கழுவினோம். தரையை மூன்று தடவை துடைத்தோம். அது தப்புதான், தெரிந்துதான் செய்தோம்.

முதலில் ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, ஒரு சின்னப் பெண். "நல்ல காத்து இல்ல?" என்று அந்தப் பெண்டாட்டி முற்றத்தில் நின்று மூச்சை இழுத்துவிட்டாள். "இவளுக்கு வீசிங். டாக்டர்தான் சொன்னார், ஊருக்கு வெளிய போங்கன்னு."

அக்கா கண்ணிமைக்காமல், "அருமையான காத்து. தாராளமா வரலாம்," என்றாள்.

அப்போது உள்ளேயிருந்து மாமா வந்தார். சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, ஒவ்வொரு எட்டாக வந்தார். அந்தக் குழந்தையின் முன்னால் நின்று அது மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"வாங்காதீங்க," என்றார். "பின்னாடி... குவாரி. நாளைக்கு வந்து... பாருங்க." அதற்குமேல் முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு அக்கா ஆடியது மாதிரி ஓர் ஆட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "நல்லவன்னு பேர் வாங்கிட்டீங்களா? சந்தோஷமா? அந்தக் குழந்தைக்கு அப்பன் ஆத்தா இருக்காங்க, அவங்க பாத்துக்குவாங்க! எனக்கு யார் இருக்கா? நீங்க செத்தா எனக்கு யார் இருக்கா?" என்று தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டாள். மாமா அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார். அவள் உதறிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு இன்னொருவர் வருவதாக இருந்தது. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் அக்கா மாமாவை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தலையணையைச் சரிசெய்து உட்காரவைத்தாள், நெற்றியைத் துடைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"என்னக்கா பண்ற?"

"நீ டீயைப் போடு."

டிரைவர் வெள்ளந்தியான மனிதர். பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகக் காட்டினார். இங்கே கத்தரிச்செடி வைக்கலாம், இங்கே ஒரு பெஞ்சு போடலாம் என்றார். உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. கத்துவதற்கு மாமாவுக்கு மூச்சு இல்லை, தட்டத்தான் முடியும். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுக்காரர். உடம்பு சரியில்ல, தனியா விட்டா இப்படித்தான்," என்றாள் அக்கா. "திறக்கிறேன், நீங்களும் ரூமைப் பாருங்க."

திறந்தாள். மாமா கதவடியில் தரையில் கிடந்தார். வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. அது நிற்கவில்லை. அவர் பேசும்வரை அக்கா காத்திருக்கவில்லை. "கல்லு வெட்டி வெட்டி வந்த வியாதிங்க. இங்க வந்தப்புறம்தான் உயிரோடவே இருக்கார். ஆஸ்பத்திரி தூரமா இருக்கு, அதான் விக்கிறோம்," என்று சொல்லிக்கொண்டே அவர் முதுகை நீவினாள். டிரைவர் குனிந்து மாமாவைத் தூக்கி உட்காரவைத்தார். "நல்ல இடத்த விட்டுட்டுப் போறோமேன்னு மனசு கஷ்டப்படாதீங்க, நாங்க நல்லா வச்சுக்குவோம்," என்று அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். மாமா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அது டிரைவருக்கு அழுகையாகத்தான் தெரிந்திருக்கும்.

வீடு கைமாறியது. இப்போது அவர்கள் ஊருக்குள்ளேயே, வண்டி நுழையாத ஒரு சந்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். டாக்டருக்குத் திருப்தி. மாமா உதட்டில் நீலம் இல்லை. என்னோடு பேசுகிறார், எதிர்வீட்டுக்காரரோடு பேசுகிறார், பால்காரரோடு அரசியல் பேசுகிறார். அக்காவோடு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவள் போடுகிற சாப்பாட்டைச் சாப்பிடுகிறார், அவள் நீட்டுகிற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, போதும். உங்களுக்காகத்தானே செஞ்சா? எத்தனை நாளைக்கு இந்த வீம்பு?" என்று கேட்டேவிட்டேன்.

"வீம்பு இல்ல வாயாடி," என்றார். மூச்சு வாங்காமல் முழுசாகச் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் மூச்சு இழுக்கும்போது அந்த டிரைவர் மூஞ்சி வருது. அவ செஞ்சது எனக்காகன்னு தெரியும். வேற யாருக்காகவாவது செஞ்சிருந்தா அவளைத் திட்டிட்டுப் பேசிருப்பேன்."

அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். நான் உள்ளே போனபோது அவள் திரும்பவில்லை. அவள் தோள் குலுங்கியது.

"அழாதக்கா," என்றேன்.

"மூச்சு வாங்காமப் பேசினாரே, கவனிச்சியாடி?" என்றாள்.