பத்து கிலோவைக் காணோம்

எடைமேடைக்காரரின் மனைவி நாளொன்றுக்கு முப்பத்தெட்டு கிராம் வீதம் காற்றில் கலந்துகொண்டிருந்தாள். அது தொடங்கிய வாரத்தில்தான் கட்டடக் கம்பி விலையும் ஏறியது என்பதால், தெருவில் இதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. ஆள் பார்க்க அப்படியேதான் இருந்தாள். உடுப்பு தளரவில்லை, பருமன் மாறாமல் நிறை மட்டும் குறைந்தது. அலமாரியில் போட்ட அந்துருண்டை இடையில் தண்ணீராகாமல் நேரே ஆவியாகிவிடுமே, அந்த மாதிரி. உருகியிருந்தால் துணியைப் போட்டுத் துடைத்துப் பிழிந்தாவது எடுத்திருக்கலாம். அவள் எதற்கும் உருகுகிற ரகம் இல்லை. நிலைகொள்ளாத பெண். பல் துலக்கி முடிப்பதற்குள் வாசலுக்கும் அடுப்படிக்கும் ஏழு நடை நடப்பாள். உட்கார்ந்தால் கால் ஆடும், படுத்தால் கட்டிலே ஆடும்.

இவ்வளவு துல்லியமாகக் கிராம் கணக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவளுக்கு வேலையே அதுதான். மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் பொடி நிறுப்பவள். அங்கிருந்த தராசு கண்ணாடிக் கதவுகளுக்குள் இருக்கும். வெளியே யாராவது பெருமூச்சு விட்டால் உள்ளே எண் ஓடும். மில்லிகிராமைச் சொல்லும், ஆனால் இருநூறு கிராமுக்கு மேல் தாங்காது. அவள் கணவரின் எடைமேடையோ லாரிகளுக்கானது. அறுபது டன் வரை தாங்கும், ஆனால் பத்துப் பத்து கிலோவாகத்தான் பேசும். ஐந்துக்கு மேலிருப்பதை மேலே தள்ளும், கீழே இருப்பதைக் கீழே தள்ளும். ஆக அவள் தராசு அவளைத் தாங்காது, அவர் எந்திரம் அவளைக் கவனிக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தராசு வாங்கலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“நான் குறைஞ்சுக்கிட்டே வர்றேங்க.”

“வந்து மேடையில ஏறு.” சீட்டு அடித்து நீட்டினார். “அறுபது. போன மாசமும் அறுபது. அப்புறம் என்ன?”

“உங்க எந்திரத்துக்கு நான் ஒரு ஆளாவே தெரியலீங்க.”

“அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. நீதான் சும்மா இருக்க மாட்டேங்குற.”

எட்டு மாதம் இப்படியே போனது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் அறுபது. இருநூற்று முப்பத்தேழாவது நாள் காலை பத்து மணிக்கு ஏறினாள், ஐம்பது என்றது. மனிதர் ஆடிப்போய்விட்டார். நேற்றுவரை அறுபது, இன்று ஐம்பது என்றால் இரவோடு இரவாகப் பத்து கிலோ மனைவி எங்கேயோ விழுந்திருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு எட்டிய கணக்கு. மேடைக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கித் தேடினார். வரிசையில் நின்ற ஒன்பது லாரிகளை மறித்துத் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார்.

“அண்ணே, அக்காவை மணல்ல கலந்து ஏத்திட்டுப் போறேங்குறீங்களா?” என்றார் ஒரு டிரைவர்.

“பேசாத. பத்து கிலோ. சின்ன விஷயமா?”

“முழுசாத்தானே நிக்கிறாங்க. கையக் கால எண்ணிப் பாருங்க.”

அவர் எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்ததும் இன்னும் பயந்துபோனார்.

அன்று அவள் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்து காட்டினாள். இருநூற்று முப்பத்தேழு மருந்துப் பாட்டில்கள். காற்றில் போனது விடிகாலைக் குளிரில் ஜன்னல் கண்ணாடியிலும் எவர்சில்வர் டம்ளரிலும் வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்க, அதை அவள் தினமும் கத்தியால் சுரண்டி, நிறுத்து, தேதியும் எடையும் எழுதி மூடி வைத்திருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து எல்லாச் சீட்டையும் படித்தார். படித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

“மொத நாளே சொல்லக்கூடாதா?”

“சொன்னேனே. சீட்டு அடிச்சுக் குடுத்தீங்க.”

இருப்பதும் போய்விட இன்னும் ஆயிரத்து நானூற்று நாற்பத்தேழு நாள் என்று அவள் முன்பே கணக்குப் போட்டிருந்தாள். அவருக்கு அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. உட்காராதவர் இப்போது இரண்டு பேர். இரண்டு பாட்டில் பொடியைப் பாலில் கலந்து குடிக்கவைத்தார். மறுநாள் ஜன்னலில் நூற்றுப் பதினான்கு கிராம் சேர்ந்தது. பொருள் எங்கும் போய்விடாது என்பது மட்டும் உறுதியானது. ஜன்னல் இடுக்கையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தார். எந்திரத்தை அவள் விஷயத்தில் நம்புவதை விட்டுவிட்டு, வேலை முடிந்து வந்ததும் அவளை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து எடை சொன்னார். முதலில் நான்கு கிலோ தப்பாகச் சொன்னவர், இரண்டாம் வருடம் நூறு கிராமுக்குள் வந்தார். மூன்றாம் வருடம் ஒரு கை போதுமானதாக இருந்தது. காற்றடிக்கும் நாட்களில் அவள் பையில் எடைக்கல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். இவள் மூச்சுக்கு எண் ஓடுவதில்லை என்று தொழிற்சாலையில் பதவி உயர்வு கொடுத்தார்கள். நான்காம் வருட முடிவில், கண்ணாடி டம்ளர் வழியாகத் தெரிவதுபோல, அவள் வழியாகப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. கடைசி ஐந்து நாளில் ஒரு நாள், தன் தராசுத் தட்டின்மேல் கட்டைவிரல் ஊன்றி நின்று, முதல்முறையாகத் தன் எடையை மூன்று தசமம் வரை பார்த்துவிட்டு வந்தாள். அவர் முந்தின நாள் மாலை கையால் தூக்கிச் சொன்னதும் அதே எடைதான், முப்பத்தெட்டு கிராம் போக.

செவ்வாய்க்கிழமை காலை அவள் முழுவதும் போனாள். போன நிமிடத்திலேயே பாட்டில்களில் இருந்த பொடியும் ஆவியாகி, அலமாரியில் மூடிகள் தெறிக்கத் தொடங்கின. ஆயிரத்து அறுநூற்று எண்பத்து நான்கு பாட்டில், ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு வீட்டில் நாற்காலிக்கு அடியில், மேசை டிராயருக்குள், அவர் சட்டைப் பைக்குள் எல்லாம் அவளாகவே இருந்தாள். அவருக்குக் காது அடைத்தது. ஜன்னல்கள் முனகின.

“ஜன்னலைத் திறங்க,” என்றாள் எல்லாப் பக்கத்திலிருந்தும்.

“நீ போயிட்டேன்னா?”

“போவேன். எனக்கு இந்த வீடு பத்தலைங்க.”

“வருவியா?”

“அதைப் பூட்டி வச்சுக்கிட்டா கேக்குறது?”

அவர் ரப்பரைப் பிடுங்கினார். ஜன்னல் கொக்கியில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார், பிறகு திறந்தார். திரைச்சீலைகள் வெளிப்பக்கமாகப் பறந்தன. எதிர்வீட்டுக்காரர் கொடியில் காய்ந்த துணியெல்லாம் வெள்ளையாகிவிட்டது என்று கத்திவிட்டு, பிறகு உதறி மடித்து வைத்துக்கொண்டார்.

இப்போது அவள் மாதத்தில் இருபது நாள் வெளியே இருக்கிறாள். எங்கே என்று கேட்டால் இவர் வானிலை அறிக்கையைக் காட்டுகிறார். வந்திருக்கும் நாட்களில் வாசல் கதவு உள்பக்கமாகத் திறக்க மறுக்கும். அவர் தோளால் முட்டி, “கொஞ்சம் தள்ளிக்க,” என்று சொல்லி, விட்ட இடைவெளியில் உடம்பை நுழைத்து உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றுகிறார்.