திட்டுக்கூடை

பூசை முடிந்து வீட்டுக்கு வந்த ஐரின், தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் போனைத் திறந்தாள். வாரம் முழுக்க ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலை. ‘வண்டி வந்தாச்சா’ செயலிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் நேரம் கிடைக்கும்.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்த பஸ் எப்போது வரும் என்று அது சொல்லும். அவளும் கூடப் படித்த ஸ்டீபன்ராஜும் சேர்ந்து செய்தது. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. ஓசியில் கொடுத்தால் ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடும் என்று நினைத்தார்கள், பாவம். ஓசி என்றால்தான் நம் ஆட்களுக்கு உரிமை கூடிவிடுமே. பஸ் பஞ்சரானால் ஐரினுக்கு ஏச்சு. கண்டக்டர் சிடுசிடுத்தாலும் செயலிக்கு ஒற்றை நட்சத்திரம்.

அன்றைக்கு வந்திருந்தது ஒரு வீடியோ. செம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஆவுடையப்பன், பஸ் நிறுத்தத்தில் வேட்டியை மடித்துக் கட்டி நின்று பேசியிருந்தார். ஏழு மணிக்கு வரவேண்டிய தனியார் பஸ் ஆறரைக்கே போய்விட்டதாம். அவர் மகள் சூர்யகலா முந்தின நாள் அரசு வேலைக்கான பரீட்சைக்குப் பிந்திப் போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டாளாம். இதைச் செய்தவர்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டிருந்தார். ஊரே அதைப் பகிர்ந்துகொண்டிருந்தது. எவனோ ஒரு புண்ணியவான் ஐரினின் போன் நம்பரைக் கீழே போட்டுவிட்டிருந்தான்.

ஸ்டீபன்ராஜ் அழைத்தான். வெறும் வயிற்றோடு யாருக்கும் பதில் போடக்கூடாது என்பது இருவரும் வைத்திருந்த சட்டம். “செத்த நேரம் பொறு ஐரின். சாப்ட்டுட்டு எழுது” என்றான்.

அவள் பொறுக்கவில்லை. எத்தனை ஞாயிறு, எத்தனை கல்யாண வீடு, எல்லாவற்றையும் இதற்காக விட்டிருக்கிறாள். பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் பத்துப் பைசா வாங்காமல் செய்கிறோம், நேரம் மாறியதை ஒருவர்கூட எங்களிடம் சொல்லவில்லை, ஏசத் தெரிந்த வாய்க்குத் தகவல் சொல்லத் தெரியாதா என்று எழுதிப் போட்டாள். நியாயந்தானே என்று நூறு பேர் கூடிவிட்டார்கள். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள்.

கை கழுவும்போது போன் அடித்தது. ஆவுடையப்பன்.

“ஏம்மா, ஒருத்தரும் சொல்லலைன்னு எழுதியிருக்கியே. வண்டி சீக்கிரமே போயிருதுன்னு நான் உங்க ஆப்புலயே எழுதுனேன்ல? ஒரு தடவையா, ரெண்டு தடவையா?”

என்னவென்று எழுதினீர்கள் ஐயா என்று கேட்டாள்.

“ஏலே, எருமை மேய்க்கவா போனீக, ஏழு மணி வண்டி ஆறரைக்கே போகுதுடா, மாத்துங்கடான்னு எழுதுனேன். வேற எப்படி எழுத?”

எருமை என்ற சொல்லைக் கேட்டதுமே ஐரினுக்கு விளங்கிவிட்டது. போன தவக்காலத்தில் ஏச்சுத் தாங்க முடியாமல் அவள்தான் ஒரு வடிகட்டி எழுதினாள். திட்டுச் சொல் உள்ள செய்தி கண்ணிலேயே படாமல் தனியாகப் போய்விடும். ஒருமுறை திட்டியவர் அதன்பின் என்ன எழுதினாலும் அங்கேதான் போகும். அதற்குத் திட்டுக்கூடை என்று பேர் வைத்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு நிம்மதி. சனங்கள் திருந்திவிட்டார்கள் என்றுகூட அவள் சொல்லியிருந்தாள். பெற்ற பிள்ளையையே எருமை என்று கூப்பிட்டுச் சோறு போடுகிற ஊரில் இப்படியொரு கூடையை வைத்தால் என்ன நடக்கும் என்று, இதே ஊரில் பிறந்தவளுக்குத் தோன்றவில்லை. கூடையை யாரும் திறந்து பார்த்ததுமில்லை.

போன் கைமாறியது.

“அக்கா, நான் சூர்யகலா. அப்பா பேச்சு அப்படித்தான். அதுக்குத்தான் அவர் போன்லருந்தே உங்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுனேன். சனிக்கிழமை ஏழு மணி வண்டி உண்டுமான்னும் கேட்டேன். பதில் வரல.”

“நீ எழுதுனது வந்திருக்கும்மா. நாங்கதான் பாக்கல.”

“அப்பா ஆறரைக்கே போன்னாரு. நேரம் சரின்னு காட்டுற பச்சை டிக், புகார் வந்தா அந்த வண்டிக்கு எடுபட்டுப் போயிரும்னு நீங்க போட்டிருக்கீங்கல்ல? இதுக்கு டிக் அப்படியே இருந்துச்சு. அப்ப நீங்க விசாரிச்சுட்டீங்க, வண்டி பழைய நேரத்துக்கே வந்துருச்சுன்னு நெனச்சேன். அப்பாகூடச் சண்டை போட்டுட்டுத்தான் ஏழுக்குப் போனேன்.”

அடுத்த பரீட்சை எப்போது என்று ஐரின் கேட்டாள். தெரியவில்லை என்றாள் அந்தப் பெண். குரலில் கோபமே இல்லை. ஐரினுக்கு அது எரிச்சலாக இருந்தது, தன்மேல்தான்.

கூடையைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாது, தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டுவிடலாம் என்றான் ஸ்டீபன்ராஜ். அவள் கேட்கவில்லை. காலையில் எழுதியதற்குக் கீழேயே எழுதினாள். அவர் சொல்லியிருந்தார். அவர் மகளும் கேட்டிருந்தாள். திட்டு காதில் விழக்கூடாதென்று நான்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். பச்சை டிக் பொய். பிறகு வடிகட்டியை எடுத்துவிட்டு, பஸ் நேரத்தை ஆறரை என்று மாற்றினாள்.

காலையில் நியாயம் சொன்ன நூறு பேரும் இப்போது கல்லைத் தூக்கினார்கள். வரட்டும் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். எல்லாம் தனக்கு வரவேண்டியதுதான் என்று தோன்றியது. நடுவில் சூர்யகலா பேரில் ஒன்று இருந்தது.

“அவங்களைத் திட்டாதீங்க. பத்துப் பைசா வாங்காமச் செய்யிறாங்க.”

காலையில் தானே மார்தட்டி எழுதிய வரி. அதைமட்டும் ஐரினால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.