களைந்த லார்க்ஸ்பர் நாற்றுகள்

லார்க்ஸ்பர் பூச்செடியைப் பிடுங்கி வேறிடத்தில் நட முடியாது. வேர் ஆணிபோல் நேராக இறங்கும், அசைத்தால் செத்துவிடும். அதனால் பாத்தியில் நெருக்கமாக விதைத்து, ஒரு சாண் வளர்ந்ததும் வேண்டாததைக் களைந்துவிடுவோம். மிஞ்சியவை இடுப்புயரத்துக்கு நீலக் கதிர்களாக நிற்கும். தெருவில் எங்கள் வீட்டுக்கு அதுதான் அடையாளம்.

இந்த முறை தம்பி களைந்தான். அறுபது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவன், என் பேச்சைத் தட்டியதே இல்லை. வேலிக்கு அப்பால் நிற்கும் பசுவுக்குத் தினமும் கீரைத்தண்டு ஊட்டுவான்.

"அதுக்குப் பொறந்த வீடு உங்க வேலிதான்யா. எங்கிட்ட வந்தா வைக்கோலைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்குது" என்பாள் பால்காரம்மா. அவளுக்கு இருந்தது அந்த ஒரு பசுதான்.

அன்று களைந்த நாற்றையும் கை நிறைய ஊட்டியிருக்கிறான். மாட்டுக்கு அது விஷம் என்று விதைப் பொட்டலத்தில் அச்சிட்டிருந்தது. நான் படித்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.

மதியம் பசு கால் மடங்கி விழுந்தது. கால்நடை மருத்துவர் வந்தார். நாங்களும் போய் நின்றோம்.

"என்ன தின்னுச்சுன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த ஊசி போடலாம். யாராவது செடி கிடி குடுத்தீங்களா?"

தம்பி சொல்ல வாயெடுத்தான். நான் ஒரு பார்வை பார்த்தேன். குனிந்துகொண்டான்.

"எங்க வீட்டுலேர்ந்து எதுவும் வரல" என்றேன்.

மூன்று தலைமுறையாக எங்களை நோக்கி ஒருவரும் விரல் நீட்டியதில்லை.

மருத்துவர் தனக்குத் தோன்றிய ஊசியைப் போட்டார். பால்காரம்மா பசுவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் அது அடங்கிவிட்டது.

"சொல்லியிருந்தா அதுக்கு ஊசி இருந்துச்சேண்ணே" என்றான் தம்பி, வீட்டுக்குள் வந்ததும். "நீங்க சொல்லுங்க. இல்லேன்னா நான் போய்ச் சொல்றேன்."

"சொல்லு. சொல்லிட்டு அப்படியே போயிடு."

அவனுக்குப் போக இடமில்லை. அது இருவருக்குமே தெரியும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் பால்காரம்மா வாசலில் வந்து நின்றாள்.

"தவிட்டைச் சரியா பார்க்காம வச்சுட்டேன்போல. பாவி நான்தான் கொன்னுட்டேன். டாக்டருக்கு உங்க மேல ஒரு சந்தேகம் பெரியவரே. அந்த வீட்டு வாயில பொய் வராதுன்னு நான்தான் அவர் வாயை அடைச்சேன்."

கும்பிட்டாள். உள்ளே தம்பி கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

நானும் கும்பிட்டேன். அவள் தெருவில் இறங்கும்வரை நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.