பார் இல்லாத சைக்கிள்

சுருளிவேல் ஒரு லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே சந்திரவல்லிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கன்னியாகுமரி வரைக்கும் மிதிக்கப் போகிற ஆம்பளை, ஊரில் இல்லாத அதிசயமாக, நடுவில் பார் இல்லாத சைக்கிளையா தேடிப் பிடிப்பான்?

"யாருக்கு மாமா இது?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான். எஸ்டேட் டாக்டரம்மா மாத்தலாகிப் போறாக. வித்துட்டுப் போனாக. வண்டி புதுசு கணக்கா இருக்கு பாரு."

"புதுசாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். கேட்டால் பொய் வரும், சும்மா கவனித்துக்கொண்டிருந்தால் உண்மை தானாக வெளியே வரும் என்பது அவள் கட்சி.

கவனிப்பதுதான் அவள் தொழிலும். போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் சுருளிவேல் மூட்டை தூக்குகிறான். அதே கிட்டங்கியில் அவள் காய் பொறுக்குகிறாள். வெடித்தது, வெளுத்தது, வண்டு துளைத்தது எதுவும் அவள் முறத்தில் தப்பாது. அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வர முடியுமா என்ன? வீட்டுக்கும் கூடவே வந்தது.

கன்னியாகுமரித் திட்டமே சுருளிவேல் போட்டதுதான். எண்பத்திரண்டாம் வருஷம் அது. லாரிக்குக் காத்துக்கிடந்த ஒரு மத்தியானம், "பொறந்ததுல இருந்து மலையவே பாத்துக்கிட்டு கெடக்கோம்டா, ஒரு தடவ கடலப் பாக்கணும்" என்று பேச்செடுத்தான். எடை போடும் கோட்டைச்சாமி, "சைக்கிள்லயே போயிருவோம் மாப்ளே" என்று தொடை தட்டினான். இன்னும் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். மாசியில் காய் வரத்து குறைந்ததும் போய்வாருங்கள் என்று முதலாளியும் லீவுக்குத் தலையாட்டிவிட்டார்.

அதற்கப்புறம் கிட்டங்கி வாசலில் சைக்கிள் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. ராக்கையாவின் சைக்கிள் கடையில் நாலு பேரும் பொண்ணு பார்க்கப் போனவர்கள் மாதிரி உட்கார்ந்து, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறை சொன்னார்கள். கோட்டைச்சாமி பால்காரர் ஓட்டுகிற கனத்த வண்டியைப் பிடித்தான். பள்ளத்தில் விழுந்தாலும் வளையாதாம். இன்னொருத்தன் பின்சக்கரத்தில் பல் கூடுதலாக உள்ள ஃப்ரீவீல் மாட்டினான், மேட்டில் கால் வலிக்காது என்று. பிரேக்குக் கட்டை, பம்பு, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், மழைக்குப் படுதா என்று ஆளாளுக்குச் சேர்த்தார்கள். போடிமெட்டு இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிற வித்தையை ராக்கையா சொல்லிக்கொடுத்தார். கன்னியாகுமரிப் பாதையில் அப்படி இறக்கமே கிடையாது. இருந்தாலும் கயிறு வாங்கிக்கொண்டார்கள்.

சுருளிவேல் மட்டும் வேறு மாதிரி வாங்கினான். முதலில் லேடீஸ் சைக்கிள். அடுத்து, அதில் இருந்த நல்ல தோல் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தென்ற ஸ்பாஞ்சு சீட்டு. யார் உட்கார அந்த மெத்தை? பிறகு ஒருநாள் அரிசிப் பானைக்குப் பின்னால் அகலமான ஒரு பெல்ட்டு கிடைத்தது. கேட்டதற்கு, தூரம் மிதிக்கிறவன் இடுப்புப் பிடிக்காமல் இருக்கக் கட்டுவது என்றான். அப்படியானால் அது பம்போடும் படுதாவோடும் திண்டுக்கல் பூட்டுப் போட்ட பெட்டியில் அல்லவா இருக்க வேண்டும், அரிசிப் பானைக்குப் பின்னால் அதற்கு என்ன வேலை?

இதோடு நிற்கவில்லை. குளிக்கும்போது முதுகு தேய்க்கப் போனால் விரட்டினான். கைலியைத் தானே அலசிக்கொண்டான். பாயைத் தனியாகப் போட்டான். மூட்டையைத் தூக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் போனால் எரிந்து விழுந்தான். மனசு வேறு இடத்தில் இருக்கிறவன் லட்சணம் எல்லாம் ஒன்று பாக்கி இல்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமையானால் குரங்கணி மேட்டில் மிதித்துப் பழகப் போகிறேன் என்று கிளம்பிவிடுவான். சாயங்காலம் முகம் வெளுத்துத் திரும்புவான். ஒருநாள் அவன் கால் கழுவிக்கொண்டிருந்தபோது சந்திரவல்லி குனிந்து, பயணத்துக்கென்று அவன் மாட்டியிருந்த புது டயரைத் தடவிப் பார்த்தாள். புது டயரில் மயிர் மாதிரி ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அது அப்படியே இருந்தது. குரங்கணி ரோட்டில் ஒரு தடவை ஏறி இறங்கினாலே அது தேய்ந்து போயிருக்கும். வண்டி மலை ஏறவேயில்லை. அப்போது ஆள் எங்கே ஏறுகிறான்?

மறுநாள் கிட்டங்கியில் அவளால் அடக்க முடியவில்லை. பக்கத்து முறத்துக்காரி மூக்கம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மூக்கம்மாளிடம் ஒன்றைச் சொல்வதும் டவுனில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். இது சந்திரவல்லிக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னாள், அவ்வளவு எரிச்சல்.

அடுத்த ஞாயிறு, அவன் போன கையோடு அவளும் கிளம்பினாள். ராக்கையா கடைக்குள் லேடீஸ் சைக்கிள் சமர்த்தாகச் சாய்ந்து நின்றது. "உங்க ஆளா? ராசிங்காபுரம் பஸ்சு ஏறுனாப்ல இருந்துச்சு" என்று ராக்கையா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். ராசிங்காபுரத்தில் இறங்கி அடையாளம் சொல்லிக் கேட்டதற்கு, டீக்கடைக்காரர் மேற்கே ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார். கொடியில் நீலச் சேலை காய்ந்தது. வாசலில் புருஷனின் செருப்பு கிடந்தது. போதாதா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கயிற்றுக் கட்டிலில் சுருளிவேல் மல்லாந்து கிடந்தான். கைலி அடிவயிற்றுக்குக் கீழே இறங்கியிருக்க, நரைத்த மீசை வைத்த ஒரு வைத்தியர் அவன் தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்ததை விரல்களால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அவன் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். கால்மாட்டில் அந்த பெல்ட்டு கிடந்தது. நீலச் சேலைக்காரி, வைத்தியரின் சம்சாரம், வெந்நீர்ச் செம்போடு நின்றாள்.

"வந்ததும் நல்லதாப் போச்சு தாயி" என்றார் வைத்தியர். "குடலிறக்கம். இது எங்கையில இல்ல. மதுரைக்குப் போயி அறுத்துருங்க. இறங்குன குடல் மாட்டிக்கிச்சுன்னா உசுரு தங்காது."

சந்திரவல்லிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வேறொருத்தி இல்லை என்ற சந்தோஷம். அடுத்த மூச்சிலேயே அதை நினைத்துத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. வந்த பயம் போகவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள். "எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா கிட்டங்கிக்கே தெரியும். கோட்டைச்சாமி மச்சினன் வேலைக்கு நாயா அலையிறான். எனக்கு மூட்ட தூக்க முடியலன்னு தெரிஞ்ச அன்னைக்கே அவன உள்ள விட்ருவாக. காலத் தூக்கிப் போட முடியல, அதான் பார் இல்லாத வண்டி. பெல்ட்டக் கட்டிக்கிட்டு எப்படியாச்சும் அவிங்களோட போயிட்டு வந்துரலாம்னு பாத்தேன். இப்ப மிதிக்கவே முடியல."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, மூக்கம்மாளிடம் உளறியதைச் சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரித்தான்.

"அதான் கோட்டைச்சாமி நேத்து முதுகுல தட்டுனானா? சரி புள்ள, அப்படியே இருக்கட்டும்."

"என்னது அப்படியே இருக்கட்டும்?"

"இருக்கட்டும்ங்கிறேன். அவிங்க மூணு பேரும் சைக்கிள்ல போகட்டும், அதே நாள்ல நான் மதுரைக்குப் போயி அறுத்துக்கிறேன். நான் எவளோ ஒருத்தி வீட்டுக்குப் போறேன்னு அவிங்க நெனச்சுக்கட்டும். முதலாளிகிட்ட நானும் கூட வந்ததாத்தான் சொல்லுவாங்க. திரும்பி வந்ததும் சைக்கிள்ல விழுந்து அடிபட்டுருச்சுன்னு சொல்லி, கொஞ்ச நாளைக்கு மூட்டையத் தொடாம ஓட்டிக்கலாம்."

வைப்பாட்டி என்றால் ஆம்பளைகள் ஒருத்தனை ஒருத்தன் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். நோய் என்றால் மறுநாளே இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த நியாயம் சந்திரவல்லிக்கு நன்றாகப் புரிந்தது. அப்புறம்தான் இன்னொன்றும் புரிந்தது. வைப்பாட்டி வீட்டுக்குப் போகிறவனோடு பெண்டாட்டி துணைக்குப் போக முடியாது.

கிளம்புகிற நாளுக்கு முந்தி, கன்னியாகுமரிக்கென்று வாங்கிய கேன்வாஸ் பையில் அவள்தான் சாமான் எடுத்துவைத்தாள். பம்பையும் கயிற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு டம்ளர், போர்வை, பழைய கைலி, காசிக் கயிறு எல்லாம் வைத்தாள். கோட்டைச்சாமி கூட்டம் மாலை போட்டுக்கொண்டு மணியடித்துக்கொண்டு புறப்பட்டது. சுருளிவேலும் லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே போய், முக்குத் திரும்பியதும் ரயிலடிப் பக்கம் பிரிந்துவிட்டான். வழியனுப்ப அவளால் வாசல் வரைதான் வர முடிந்தது. தெரு முழுக்க அவளைப் பார்த்து உச்சுக் கொட்டியது.

அறுக்கிற நாள் அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் வேலைக்கு வந்தாள், வராவிட்டால் கேள்வி வரும். முறத்தில் கையை அளைந்தாளே தவிர ஒரு காயும் கண்ணில் படவில்லை. இந்நேரம் உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒரு முகம் உண்டா?

"எந்நேரமும் அவரையே நெனச்சுக்கிட்டு ஏண்டி கருகுற?" என்றாள் மூக்கம்மாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். "அந்தாளு போன எடத்துலயே போய்ச் சேரட்டும். நீ தாலிய அத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு. நான் சொல்றேன், ஆமான்னு சொல்லு."

சுற்றியிருந்த முறங்கள் எல்லாம் நின்றுவிட்டன. எல்லாரும் அவள் ஆமாம் சொல்வதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் சொல்லித் தொலைத்திருப்பாள்.

"அவரு இருக்கட்டும்" என்றாள் சந்திரவல்லி. "சாகுறவ அவளா இருக்கட்டும். அவரு எவ வீட்டுலயாச்சும் இருந்துட்டுப் போகட்டும் மூக்கம்மாக்கா. நல்லா இருந்தாப் போதும்."

"இவ்வளவு பண்ணுனவன இன்னும் விட்டுக்குடுக்க மாட்டேங்கிறாளே" என்று யாரோ சொன்னார்கள். சந்திரவல்லி முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.